வாசல்ல கேக்கக் கூடாது

அந்தப் பைய மேல வைக்காதீங்க தம்பி. பஸ்ஸு பழசு, பலகை ஆடுது. திருப்பத்துல ஒரு ஒடி ஒடிச்சான்னா உங்க தலையிலதான் விழும். காலுக்கடியில விடுங்க. பரவால்ல, என் காலு மேல சாஞ்சிருந்தா இருந்துட்டுப் போகுது, எனக்கு ஒண்ணும் செய்யாது. இதே மாதிரி பஸ்ஸுல நின்னு நின்னு மரத்துப்போன காலு. கண்டக்டரா இருந்தேன். இதே ரூட்டுதான், மதுரை டு கம்பம். ரிட்டையர் ஆயாச்சு. சீனிச்சாமின்னு கேட்டா ஆண்டிபட்டியில சின்னப்புள்ளகூட வீட்டக் காட்டும்.

நல்ல பை. இடுப்புல கட்டிக்கிற வாரெல்லாம் இருக்கு. தண்ணி உறிஞ்சுற குழாய்கூட வச்சிருக்கீங்க. எம் மகன்கிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, கலருதான் வேற. அவனுது ஆரஞ்சு. பாலைவனத்துல எம்புட்டுத் தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்னு அந்தக் கலரப் பாத்து வாங்குனானாம்.

மகன் இல்ல தம்பி. போயிட்டான். வருசம் ஆகப்போகுது. அட, மூஞ்சிய அப்படி வைக்காதீங்க. நான் சாதாரணமாத்தான் சொல்றேன். சொல்லும்போது எனக்கு ஒண்ணும் தோணுறதில்ல. நேத்து என்ன கொழம்பு வச்சேன்னு சொல்ற மாதிரிதான் வருது. அழுதாச் சரியாப் போகும்கிறாங்க. வரலையே, என்ன செய்ய?

இப்ப கம்பத்துக்குப் போய்க்கிட்டிருக்கேன். மருமக அங்கதான் அவங்க அப்பா வீட்ல இருக்கா. தாரணின்னு பேரு. வருசத் திதி வருது, அவ வந்து நிக்கணும். ஆனா எங்கூடப் பேசறதில்ல. போன் போட்டா எடுக்கறதில்ல. அவங்க அப்பா எடுத்து, 'தூங்குது சம்பந்தி'ங்கிறாரு. எந்நேரமுமா தூங்குவா? அதான் நேர்லயே போயிக் கேட்டுரலாம்னு கிளம்பிட்டேன். நான் என்ன தப்பு செஞ்சேன்? சொல்றேன் கேளுங்க. நீங்க நடுவுல உள்ள ஆளு, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்க வீட்ல ஒரு பழக்கம் தம்பி. உங்க வீட்லயும் இருக்கும். கிளம்பி வாசப்படியில கால் வச்ச ஆளப் பாத்து, எங்க போறன்னு கேக்கக் கூடாது. போற காரியம் வெளங்காது. தெரிஞ்சே ஆகணும்னா, 'தூரமா'ன்னு கேக்கலாம். போறவன் 'பக்கந்தான்'னு சொல்லிட்டுப் போயிருவான், அம்புட்டுதான். யாராச்சும் வாய் தவறிக் கேட்டுட்டா, திரும்பி உள்ள வந்து, சித்த நேரம் உக்காந்து, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடி கிளம்பணும்.

சிரிப்பு வருதா? சிரிங்க. எம் மகன் ராஜகுருவும் சிரிப்பான். 'ஊரையே எங்க போறன்னு கேட்டுச் சம்பளம் வாங்குன மனுசன், வீட்ல மட்டும் வாயத் தொறக்க விடமாட்டாரு'ம்பான். அட, பஸ்ஸுக்குள்ள கேக்கலாம்டா, அதான் வாசலத் தாண்டி வந்தாச்சுல்லம்பேன். ஆனா ஒண்ணு, படிக்கட்டுல நிக்கிறவன நான் கேட்டதில்ல. உள்ள ஏறி வரட்டும்னு இருந்துதான் கேப்பேன். எறங்குறவனக் கேக்கவே மாட்டேன்.

சும்மா புடிச்ச புடியில்ல தம்பி இது. எங்க வீட்டம்மா போனது அப்படித்தான். அவ தங்கச்சிக்குக் கொழந்தை பெறந்திருந்துச்சு. பாக்கணும்னு நல்ல சேலை கட்டி, பையில பழமெல்லாம் எடுத்துக்கிட்டுப் படியில எறங்குறா. எதுத்த வீட்டுக்காரி கேக்குறா, 'எங்கக்கா கிளம்பிட்ட?' நான் உள்ள இருந்து சத்தம் குடுத்தேன், வந்து உக்காந்துட்டுப் போன்னு. ஆட்டோ நிக்குது, அவன் கத்துறான்னுட்டு ஓடிட்டா. அந்த ஆட்டோ டேம் ரோட்டுல கவுந்துருச்சு. மகன் அப்பக் காலேஜ் படிச்சுக்கிட்டிருந்தான். அவ கேட்டா, இவ போயிட்டா. இதுல இன்னும் என்ன வெளக்கம் வேணும்?

அதுக்குப் பெறகு எங்க வீட்டு வாசல்ல ஒருத்தரும் அந்த வார்த்தையச் சொன்னதில்ல.

மகன் படிச்சு முடிச்சு, அமெரிக்கா போயி, பீனிக்ஸ்னு ஒரு ஊர்ல வேலை. கம்ப்யூட்டர்தான். தாரணியும் அங்கதான் வேலை பாத்தா. ஒரே வெயிலு. நம்ம அக்கினி நட்சத்திரமெல்லாம் அங்க காத்தாட உக்கார்ற நேரம். தனியா கெடந்து என்ன செய்றீங்க, வாங்க வாங்கன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தான். போனேன். கடலை மிட்டாய் அவனுக்கு உசுரு, பெட்டி நெறைய அதுதான் கொண்டு போனேன். ஏர்போர்ட்டுல தொறந்து பாத்த வெள்ளக்காரன் என்னையக் கடலை யாவாரின்னு நெனச்சிருப்பான்.

அங்க போயித்தான் தெரியுது, பயலுக்கு ஒரு கிறுக்குப் புடிச்சிருக்குன்னு. சனிக்கிழமை ஆச்சுன்னா பைய மாட்டிக்கிட்டுப் பாலைவனத்துக்கு நடக்கப் போயிருவான். அந்தப் பக்கம் மணல்பாறையா இருக்கு தம்பி. எப்பவோ வெள்ளம் ஓடி ஓடிப் பாறையக் கத்தி வச்சு அறுத்த மாதிரி இடுக்கு விட்டுருக்கு. அதுக்குள்ள எறங்கி நடக்குறது. எதுக்குடான்னேன். 'சும்மாப்பா, உள்ள போனா மண்டைக்குள்ள சத்தமெல்லாம் அடங்கிருது'ன்னான். அம்மா செத்ததுல இருந்து அவன் மண்டைக்குள்ள என்னமோ சத்தம் இருந்திருக்கும்போல. நான் கேட்டுக்கிட்டதில்ல.

நான் அங்க போன மொத சனிக்கிழமை. பய பூட்ஸ் மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறான். இந்தப் புள்ள தாரணி ஓடி வந்து கேக்குது. 'எந்த இடுக்கு? எந்தப் பக்கமா உள்ள போற, எந்தப் பக்கமா வெளிய வருவ? எத்தன மணிக்குள்ள வரலைன்னா நான் போலீசுக்குப் போன் பண்ணட்டும்?' எப்படி இருக்கு பாருங்க! கிளம்புற புள்ளகிட்ட எங்க போறன்னு கேட்டதே தப்பு, அதோட வரலைன்னா போலீசாம்ல! பயல உள்ள கூப்புட்டு உக்கார வச்சேன். தண்ணி குடிக்க வச்சேன். சிரிச்சுக்கிட்டே குடிச்சான்.

தாரணி அப்பவே சொல்லத்தான் செஞ்சா. 'மாமா, இது சகுனம் இல்ல. அங்க நடக்குறவங்க எல்லாரும் இப்படித்தான் வீட்ல சொல்லிட்டுப் போகணும். உள்ள செல்போன் டவர் கெடைக்காது. ஏதாச்சும் ஒண்ணுன்னா எங்க தேடுறதுன்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்'னா. நாங்க ரெண்டு பேரும் வாசல்ல வச்சுத்தான் பேசிக்குவோம், மறக்காம இருக்க அது ஒரு பழக்கம்னா.

நான் என்ன சொன்னேன்? கேக்கவே கேக்காதன்னா சொன்னேன்? தாராளமாக் கேளும்மா, உள்ள வச்சுக் கேளு, வாசல்ல கேக்காதன்னுதான சொன்னேன். இதுல என்ன தம்பி தப்பு?

அடுத்த சனிக்கிழமையும் அவ மறந்துபோயி வாசல்ல கேட்டுட்டா. நான் அன்னைக்குச் சாப்புடல. வேற ஒண்ணும் செய்யல, கோவிச்சு ஒரு வார்த்தை பேசல, சோத்துல கை வைக்கல அவ்வளவுதான். ஊருக்கு டிக்கெட் போட்டுருன்னேன். சாயங்காலம் மகன் அவகிட்ட மெதுவாச் சொல்றது காதுல விழுந்துச்சு. 'அப்பா இருக்க வரைக்கும் விட்டுரு தாரணி. ராத்திரியே சொல்லிர்றேன், காலையில ஒண்ணும் கேக்காத.' அதுக்குப் பெறகு வாசல்ல சத்தமே இல்ல. நல்ல புள்ளதான், சொன்னாக் கேட்டுக்கிட்டா. அதுல அவளக் கொறை சொல்ல மாட்டேன்.

தேனி வந்துருச்சு. இங்க பத்து நிமிசம் போடுவான். ஒரு டீ சொல்லுங்க, எனக்கும் சேத்து. ஜன்னல் வழியாவே குடுப்பான்.

ம். சுடுதாவா? எனக்குத் தெரியலையே. குடிச்சிட்டேன்.

எங்க விட்டேன்? ஆங். நாலு நாள் சேந்தாப்புல லீவு வந்துச்சு. கார்லயே வடக்க ரொம்பத் தூரம் கூட்டிக்கிட்டுப் போனான். பாலைவனத்து ஓரத்துல ஒரு மரவீடு வாடகைக்கு எடுத்திருந்தான். கொல்லப் பக்கம் கதவத் தொறந்தா செகப்பு மண்ணு, செகப்புப் பாறை, அதுக்குள்ள அங்கங்க இடுக்கு. கார் எடுக்க வேண்டாம், நடந்தே போயிரலாம். அதுக்காகத்தான் அந்த வீட்டப் புடிச்சேன்னான். மொத நாளு என்னையும் கூட்டிக்கிட்டு ஒரு சின்ன இடுக்குக்குப் போனாங்க. டிக்கெட் குடுத்து எல்லாரையும் விடுற எடம், கயிறெல்லாம் கட்டி வச்சிருக்காங்க.

பொய் சொல்லக் கூடாது தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு. இந்த பஸ்ஸு நடைபாதை இருக்கே, இந்த அகலங்கூட இல்ல. ஒடம்ப ஒருச்சாச்சுத் திருப்பித்தான் போகணும். ரெண்டு பக்கமும் பாறை ஆள் ஒசரத்துக்கு மேல, பத்து ஆளு ஒசரம் இருக்கும், ஏடு ஏடா மடிஞ்சு கெடக்கு. பரோட்டாவப் பிச்சாத் தெரியுமே, அந்த மாதிரி. தடவுனா வழுவழுன்னு இருக்கு, கையில மாவு மாதிரி மணல் ஒட்டுது. மேல பாத்தா வானம் ஒரு கோடுதான். வெளிய அம்புட்டு வெயிலு, உள்ள சிலுசிலுன்னு இருக்கு. சத்தமே இல்ல. அவன் சொன்னது சரிதான்னு தோணுச்சு.

பாதி வழியில எதுத்தாப்புல ஒரு வெள்ளக்காரக் கூட்டம் வந்துருச்சு. இவங்க நகர மாட்டேங்குறாங்க, அவங்க நகர மாட்டேங்குறாங்க, எக்ஸ்க்யூஸ்மி எக்ஸ்க்யூஸ்மின்னு மாறி மாறிச் சொல்லிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குமா? 'உள்ள போ, உள்ள போ! அந்தச் செகப்புச் சட்டை, சொவரோட ஒட்டி நில்லு! பெரியம்மா, பைய முன்னாடி போட்டுக்க! வரட்டும், வரட்டும், ரைட்!' அம்புட்டுப் பேரும் சொன்னபடி ஒதுங்கிட்டாங்க தம்பி! தமிழ்லதான் சொன்னேன்! எம் மகன் பாறையில சாஞ்சுக்கிட்டு சிரிக்கிறான் சிரிக்கிறான், கண்ணுல தண்ணி ஊத்துது. தாரணிக்கு சிரிச்சுச் சிரிச்சு விக்கலே வந்துருச்சு. அவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப வருசம் ஆயிருந்துச்சு. எனக்கு ரொம்பச் சந்தோசமா இருந்துச்சு. அது நல்லா நெனப்பிருக்கு. சந்தோசமா இருந்தோம்ங்கிறது நெனப்பிருக்கு, அது எப்படி இருந்துச்சுங்கிறதுதான் இப்ப வர மாட்டேங்குது.

மறுநாளு எனக்கு முட்டி வீங்கிக்கிச்சு. நீ போப்பா, நானும் மருமகளும் வீட்ல இருக்கோம்னேன். தாரணிக்கும் கொஞ்சம் ஆபீஸ் வேலை இருந்துச்சு. ராத்திரியே அவகிட்ட சொல்லிட்டான், இடது கை பக்கம் ஒரு இடுக்கு இருக்கு, முட்டி அளவு தண்ணி கெடக்கும், அதுக்குள்ள போயிட்டு மத்தியானத்துக்கு மேல வந்துருவேன்னு. தண்ணிக்குள்ள போட்டுக்கிட்டு நடக்க ரப்பர் ஷூ ஒண்ணு வச்சிருந்தான், அத எடுத்து வச்சான். நான் கட்டில்ல படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாத்தீங்களா? வீட்டுக்குள்ள வச்சுச் சொன்னான், வீட்டுக்குள்ள வச்சுக் கேட்டா. யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?

காலையில கிளம்பி வாசல்ல நிக்கிறான். கதவத் தொறந்தான், வானத்தப் பாத்தான். தூரத்துல லேசா மேகம். அங்க மழை பேஞ்சா இந்த இடுக்குக்குள்ள தண்ணி சீறிக்கிட்டு வந்துருமாம், அதுல சிக்குனா ஆளு மிஞ்ச மாட்டான்னு முன்னாடியே சொல்லியிருக்கான். வெவரமான பய. உக்காந்து அந்த ரப்பர் ஷூவக் கழட்டிப் படி ஓரத்துல வச்சான். சாதா பூட்ஸ மாட்டுனான். நான் நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். கண்டக்டர் கண்ணு தம்பி, யாரு என்ன கையில வச்சிருக்கா, எத விட்டுட்டுப் போறான்னு தானாப் பாக்கும். சரி, தண்ணி இல்லாத எடத்துக்குப் போறான்போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

'தாரணி'ன்னு கூப்புட்டான். அவ அடுப்படியில இருந்து கையத் தொடைச்சுக்கிட்டே வந்தா. அவன் மூஞ்சியப் பாத்தா. வாயத் தொறந்தா. நான் ஒண்ணும் சொல்லல தம்பி. சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. தொண்டையக் கனைச்சேன். அவ்வளவுதான்.

அவ என்னையப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டா. அவனும் என்னையப் பாத்தான், லேசா சிரிச்சான்.

நான்தான் முறையாக் கேட்டேன். 'தூரமாப்பா?'

'பக்கந்தான்ப்பா. போயிட்டு வர்றேன்.'

போயிட்டான். வீட்டச் சுத்திக் கொல்லப் பக்கம் மேட்டுல ஏறி அந்தாண்ட எறங்குற வரைக்கும் ஜன்னல் வழியா அந்த ஆரஞ்சுப் பை தெரிஞ்சுச்சு. பெறகு நான் எந்திரிச்சு, வாசல்ல கெடந்த ஷூவ எடுத்து உள்ள அலமாரியில வச்சேன். வாசல்ல கெடந்தா தடுக்கும். அந்தப் புள்ள வேலை மும்முரத்துல தடுக்கி விழுந்துறக் கூடாதுல்ல.

மத்தியானம் வரல. பொழுது சாயுது, வரல. தாரணி கொல்லக் கதவுக்கும் வாசலுக்குமா நடக்குறா. பெறகு போன் பண்ணிட்டா. நல்லாத்தான் ஓடி வந்தாங்க, அதுல கொறை சொல்லக் கூடாது. ஒரு பொம்பள ஆபீசரு, தொப்பி போட்டிருந்துச்சு. வந்ததும் வராததுமா மொதக் கேள்வி என்ன தெரியுமா? எங்க போனாரு. அதுகூட எனக்குத் தமிழ்ல சொன்ன மாதிரி வெளங்கிருச்சு.

தாரணி சொன்னா, இடது கை பக்கம், தண்ணி கெடக்குற இடுக்குன்னு. அவன் ராத்திரி அப்படித்தான சொன்னான்? அந்தம்மா அடுத்து, கால்ல என்ன போட்டிருந்தாருன்னு கேட்டுச்சு. ஷூன்னு காதுல விழுந்துச்சு, அதனால சொல்றேன். மணல்ல தடம் பாப்பாங்களாம்ல. ரப்பர் ஷூன்னா இவ. நான் அந்த நாற்காலியிலயேதான் உக்காந்திருக்கேன். எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. இங்கிலீஷ்ல மளமளன்னு பேசிக்கிட்டே போறாங்க, நான் நடுவுல பூந்து என்னத்தச் சொல்ல? கேக்காம எதையும் சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது.

நாய் வந்துச்சு, ஹெலிகாப்டர் வந்துச்சு. எல்லாம் இடது பக்கத்துலயே சுத்துது. மறுநாளும் அங்கயே. அதுக்கு மறுநாளும் பாதி நாள் அங்கயே. அந்தத் தண்ணிக்குள்ள எறங்கித் தடவித் தடவிப் பாக்குறாங்க. பெறகு எவனோ ஒருத்தன், மத்த இடுக்கையும் பாத்துருவோம்னு வலது பக்கம் போயிருக்கான். அங்கதான் இருந்தான். மேடான எடம், மழை பேஞ்சாலும் தண்ணி வராது, அதப் பாத்துத்தான் போயிருக்கான். உள்ள ஒரு பாறை மேல கால் வச்சிருக்கான், அது உருண்டுருச்சு. கீழ ஒரு குழி. வழுவழுன்னு சொவரு. கால் ஒடிஞ்சவன் எப்படி ஏறுவான்?

உடனே போகல தம்பி. டாக்டரு சொன்னாரு. மொத நா ராத்திரி உசுரோட இருந்திருக்கான். மறுநா ராத்திரி வரைக்கும் இருந்திருக்கான். பையத் தூக்கித் தூக்கி மேல எறிஞ்சிருக்கான்போல, கலரு யாருக்காச்சும் தெரியட்டும்னு. அது பாறையில பட்டுப் பட்டு அவன் மேலயே விழுந்திருக்கு. சட்டைப் பையில கடலை மிட்டாய் இருந்துச்சு. பாதி கடிச்சு, பாதியத் தாள்ல மடிச்சு வச்சிருந்தான். நாளைக்குன்னு வச்சிருந்திருக்கான்.

அதக் கையில குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். எறும்பு இருக்குதான்னு பாத்தேன். எனக்கு அதுதான் தோணுச்சு, எறும்பு ஏறியிருக்குமோன்னு.

டிக்கெட்டா? ரெண்டு பேரும் எடுத்தாச்சுப்பா, பின்னாடி போ.

இப்ப நீங்களே சொல்லுங்க. புருசன் எந்தப் பக்கம் போனான்னு கட்டுனவளுக்குத் தெரியல. தப்பான எடத்தக் கை காட்டிவிட்டா. ரெண்டு நாளு வீணாப் போச்சு. நான் அதக் கேட்டேனா? ஏன்ம்மா இப்படிச் சொன்னன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கல. மனசுக்குள்ள போட்டு அமுக்கிக்கிட்டேன். பெரிய மனுசன்னா அப்படித்தான் இருக்கணும். ஆனா கோவம் யாருக்கு வருது? அவளுக்கு வருது.

அது எப்ப ஆரம்பிச்சதுன்னும் சொல்றேன். அந்த மரவீட்டக் காலி பண்ற அன்னைக்கு. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தா. என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தா. 'சாப்புடுங்க மாமா, மாத்திரை போடுங்க மாமா'ன்னு என்னையப் பாத்துக்கிட்டா. சாமானெல்லாம் எடுத்து வைக்கிறப்ப அந்த அலமாரியத் தொறந்தா. ரப்பர் ஷூ இருந்துச்சு.

குனிஞ்சு அதத் தொட்டுப் பாத்தா. பெறகு கேட்டா, 'மாமா, இத யாரு இங்க வச்சா?'

'நான்தாம்மா. அன்னைக்குக் காலையில வாசல்ல கழட்டிப் போட்டுட்டுப் போனான். தடுக்கும்னு எடுத்து வச்சேன்.'

'கழட்டிட்டுப் போனத நீங்க பாத்தீங்களா?'

'பாத்தேனே.'

அந்த ஷூவ எடுத்து மடியில வச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா. எந்திரிக்கும்போது அவ வேற ஆளு தம்பி. அன்னையில இருந்து எங்கூட ஒரு வார்த்தை கெடையாது. பிளேன்ல பக்கத்து சீட்டு, பேசல. வீட்டுக்கு வந்து காரியம் நடக்குது, பேசல. ஒரு ஷூவ எடுத்து உள்ள வச்சது அம்புட்டுப் பெரிய குத்தமா?

யோசிச்சுப் பாத்துட்டேன். ராத்திரி பகலா யோசிக்கிறேன். ஷூ கெட்டுப்போகல, நனையல, வச்ச எடத்துலயே வச்சபடி இருந்துச்சு. என்ன கோவம்னே புடிபடல. சில நேரம் என்னமோ புடிபடுற மாதிரி வரும், நெஞ்சுக்குள்ள சில்லுனு ஒண்ணு எறங்கும். உடனே எந்திரிச்சுப் போயி வாசலக் கூட்டிருவேன். இல்ல, மோட்டாரப் போட்டுத் தண்ணி ஏத்துவேன். சரியாப் போயிரும்.

காரியம் முடிஞ்சு அவ கிளம்புன அன்னைக்கு. அவங்க அப்பா முன்னாடியே போயி வண்டியில உக்காந்துட்டாரு. இவ பெட்டியக் கையில வச்சுக்கிட்டு வாசப்படியில நிக்கிறா. திரும்பி என்னையப் பாக்குறா. நின்னுக்கிட்டே இருக்கா. வண்டியில ஆரன் அடிக்கிறாங்க, இவ அசையல. நான் ஏதாச்சும் கேப்பேன்னு நின்னாளோ என்னவோ. கம்பத்துக்குத்தான் போறாளா, திரும்பி அமெரிக்காவுக்கே போயிருவாளா, இனிமே இந்த வீட்டுக்கு வருவாளா, எனக்கும் கேக்கணும்னு இருந்துச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஆனா படியில நிக்கிறாளே. எப்படிக் கேக்குறது?

'தூரமாம்மா?'ன்னேன்.

அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. எறங்கிப் போயிட்டா.

முறைன்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி? பெத்த மகன் போயிட்டான்னு அத விட்டுற முடியுமா? இன்னைக்குப் போயி உள்ள உக்காந்து, நிதானமாக் கேட்டுரலாம்னு இருக்கேன். உள்ள வச்சுத்தான் கேப்பேன். நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா? ஏன் அப்படிப் பாக்குறீங்க? தாரணி பாத்த மாதிரியே பாக்குறீங்களே.

சரி விடுங்க. வீரபாண்டி தாண்டுனதே தெரியல. சின்னமனூரு வந்துருச்சு. என்ன, எந்திரிச்சிட்டீங்க? எறங்குறீங்களா? அட, கம்பம் வரைக்கும் வருவீங்கன்னுல்ல நெனச்சேன். இருங்க, காலத் தள்ளி வைக்கிறேன், மரத்துப்போயிக் கெடக்கு. பையப் பாத்து எடுங்க. பின்னாடி பாத்து வாரு மாட்டிக்காம எறங்குங்க. கண்டக்டரு, நிறுத்துப்பா, ஆளு எறங்குது, அவசரப்படாத!

மேகமலைப் பக்கமா போறீங்க? இந்தப் பையோட இங்க எறங்குறவங்க எல்லாம் மலைக்குத்தான் போவாங்க. காட்டுக்குள்ள நடக்கவா? தனியாவா? மழை மேகம் நிக்குதே தம்பி அந்தப் பக்கம். இம்புட்டு நேரம் பக்கத்துல உக்காந்திருந்தேன், என் கதையவே பேசிக்கிட்டு, நீங்க எங்குட்டுப் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. கேட்டிருக்கலாம். உள்ள இருக்கும்போதே கேட்டிருக்கலாம். வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா? யாருக்காச்சும் தெரியுமா நீங்க எந்த—

படியில நிக்கிறீங்களே.

தம்பி! இந்தா தம்பி, இங்க பாருங்க, ஜன்னல் பக்கம்! கண்டக்டரு, இருப்பா, ஒரு நிமிசம், விசில் அடிக்காதப்பா! தம்பி, நீங்க எங்—

எங்—

தூரமா தம்பி?

என்ன? கேக்கல, வண்டிச் சத்தம். பக்கந்தானா?

பக்கந்தானா. சரி தம்பி. சரி. போயிட்டு வாங்க.